சேர்வராயன் மலையிலும் சேலத்திலும் அவசரகாலப் பொருள்களை வீட்டில் சேமிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலே கண்ணில் படாத சேலம் மாவட்டத்தில் அதன் பாதிப்பு பெரிதாக இருக்காது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் அடுத்த சில நாள்களில் சேர்வராயன் மலையில் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. மலைக்கு மேலே இருந்தவர்கள் வீட்டில் என்ன இருந்ததோ அதை வைத்தே நாள்களை ஓட்ட வேண்டியிருந்தது. புயல் கரையோர மக்களுக்கு மட்டும் உரிய கவலை என்ற எண்ணத்தை நம் மாவட்டத்தில் இனி யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

அவசரகாலப் பொருள்கள் என்றதும் என்னென்ன வாங்க வேண்டும் என்றே பெரும்பாலோர் கேட்கிறார்கள். வாங்குவது எளிது, ஒரு முறை லீ பஜாருக்கும் மருந்துக் கடைக்கும் போய் வந்தால் அந்த வேலை முடிந்துவிடும். எங்கே வைப்பது, எதில் வைப்பது, எப்போது எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்புவது ஆகிய மூன்றில்தான் பெரும்பாலான வீடுகளின் ஏற்பாடு வீணாகிறது. அதிலும் மலைக்கும் கீழே நகரத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் பொருள்களைக் கெடுப்பது ஈரம்; சேலத்தில் கெடுப்பது வெயில். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் மலை வீட்டுக்கும் நகர வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

படி 1: எத்தனை நாளுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சேலம் நகரில் வசிப்பவர்களுக்கு மூன்று நாள் கணக்கு போதும். திருமணிமுத்தாறு பெருகித் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தாலும், மின்சாரம் நின்றாலும், பெரும்பாலும் அதற்குள் கடைகள் திறந்துவிடும். மலையில் இருப்பவர்கள் ஏழு நாளுக்குத் திட்டமிட வேண்டும். ஏற்காட்டுக்கு வரும் எரிவாயு, மருந்து, மளிகை எல்லாமே பெரும்பாலும் சேலத்திலிருந்துதான் மேலே ஏறுகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் இரண்டு பாதைகளும் ஒரே மழையில்தான் நனைகின்றன. முதன்மைச் சாலையிலிருந்து தள்ளி, தோட்டங்களுக்குள்ளும் சிற்றூர்களிலும் இருப்பவர்கள் பத்து நாள் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, தினசரி மாத்திரை சாப்பிடும் பெரியவர், மூக்குக்கண்ணாடி இல்லாமல் நடமாட முடியாதவர், வளர்ப்பு நாய், கறவை மாடு என எல்லாரையும் எழுதுங்கள். எவ்வளவு வாங்குவது என்பதை இந்தத் தாளை வைத்தே கணக்கிட வேண்டும். கடையில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல்கள் உங்கள் வீட்டுப் பாட்டிக்கு எந்த மாத்திரை வேண்டும் என்று அறியா.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் வீடுகளில் அன்றாடம் தேவைப்படாத எதையும் பரணில் போடுவது வழக்கம். அவசரப் பொருள்களுக்குப் பரணைப் போல மோசமான இடம் வேறில்லை. சேலத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் தளத்தை ஒட்டிய பரணில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் மெழுகுவத்தி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மாத்திரைகளின் வீரியம் குறையும், எண்ணெயில் காறல் வாசம் வந்துவிடும். இருட்டில் ஏணி தேடி ஏற வேண்டியிருப்பது இன்னொரு தொல்லை. வெயில் நேராக விழாத உட்புறச் சுவரை ஒட்டிய அலமாரியே நகர வீட்டுக்கு ஏற்றது. தண்ணீர் புகும் தெருவாக இருந்தால் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலியாக விட்டு இடுப்பு உயரத்துக்கு மேலே வையுங்கள்.

மலை வீட்டில் சுவரே ஈரத்தை உறிஞ்சிக் கசியும். மழைக்காலத்தில் பனிமூட்டம் சன்னல் வழியே உள்ளே வந்து போகிற வீடுகளில், சுவரோடு ஒட்டி வைத்த அட்டைப்பெட்டியின் பின்புறம் சில வாரங்களிலேயே கரும்பூஞ்சை பிடித்துவிடும். எனவே பொருள்களைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். அட்டைப்பெட்டியும் சாக்கும் மலைக்கு ஆகவே ஆகா. அடுப்பங்கரையில் தினமும் நெருப்பு எரிவதால், அடுப்புக்கு மிக அருகே இல்லாத சமையலறை மூலை மலை வீட்டில் பெரும்பாலும் மற்ற அறைகளைவிட உலர்ந்திருக்கும். உணவுப் பொருளுக்கு அதுவே சரியான இடம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடைக்க வேண்டாம். உணவும் தண்ணீரும் ஓரிடம், மருந்து ஓரிடம், ஆவணமும் டார்ச்சும் வாசலுக்குப் பக்கத்தில் என்று பிரித்து வைத்து, எது எங்கே என்பதை வீட்டில் உள்ள எல்லாரும், பத்து வயதுப் பிள்ளை உட்பட, அறிந்திருக்கச் செய்யுங்கள்.

படி 3: தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. மலையில் ஏழு நாளைக்கு 112 லிட்டர், அதாவது ஆறு கேன். கழுவவும் துவைக்கவும் வேண்டிய தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு மழைநீரைப் பிடித்துக்கொள்ளலாம். 20 லிட்டர் கேனை வயதானவர்களால் தூக்கிச் சாய்க்க முடியாது என்பதால், கொஞ்சத்தை 5 லிட்டர் கேன்களில் வைத்திருப்பது நல்லது.

மழை இவ்வளவு பெய்யும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று மலையில் கேட்பவர்கள் உண்டு. மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி நிரம்பாது. ஊற்றிலும் கிணற்றிலும் செம்மண் கலங்கிய நீர் வரும். சேலம் நகரத்துக்கும் இதே நிலைதான், ஏனெனில் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர். வழியில் குழாய் உடைந்தாலோ நீரேற்று நிலையத்தில் மின்சாரம் நின்றாலோ ஊரே காத்திருக்க வேண்டும்.

சேமிக்கும் தண்ணீரைச் சுத்தமான, மூடி இறுக்கமான, உணவுக்குரிய கேன்களில் மட்டும் வையுங்கள். காப்பித் தோட்டங்களில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வந்த கேன்கள் நிறையக் கிடக்கும்; அவற்றை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது. கேன்களை வெயில் படாத இடத்தில், பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை மாதம் ஒருமுறை செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

சேமித்தது தீர்ந்து கலங்கல் நீரைப் பயன்படுத்த நேர்ந்தால், முதலில் தெளிய விடுங்கள். பிறகு நான்காக மடித்த வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அதன்பின் தளதளவென்று கொதிக்க வையுங்கள். மலை உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால், கொதி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விடுவது பாதுகாப்பானது. எரிபொருள் இல்லாதபோது பயன்படுத்த குளோரின் மாத்திரைகளை மருந்துப் பெட்டியில் வைத்திருங்கள். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று அட்டையில் உள்ளபடி போட்டு, அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். பூச்சிமருந்தோ எண்ணெயோ கலந்திருக்கும் என்று ஐயமுள்ள நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கக் கூடாது. கொதிப்பது கிருமியைக் கொல்லும், நஞ்சை நீக்காது.

படி 4: உணவு

அவசரத்துக்கு என்று தனியாக, வீட்டில் யாரும் சாப்பிடாத பொருளை வாங்கி வைக்காதீர்கள். தினமும் சமைக்கும் பொருளையே கூடுதலாக வைத்திருந்து, பழையதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வைத்துக்கொண்டே போனால் எதுவும் காலாவதி ஆகாது. நான்கு பெரியவர்களுக்கு ஏழு நாளைக்கு, ஆளுக்கு 300 கிராம் வீதம் அரிசி எட்டரைக் கிலோ, 60 கிராம் வீதம் பருப்பு ஒன்றே முக்கால் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், உப்பு, புளி, மிளகாய், சாம்பார்ப் பொடி ஆகியவை போதும். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டையாக வாங்கி உறவினர்கள் இரண்டு மூன்று வீட்டார் பிரித்துக்கொள்வது செலவைக் குறைக்கும்.

இதோடு அடுப்பே மூட்டாமல் சாப்பிடக்கூடியவற்றை இரண்டு நாளைக்காவது வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் இதற்குக் குறையே இல்லை. அவல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஊறிவிடும். அதில் வெல்லத்தைப் பொடித்துப் போட்டால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க் ஆகியவை கையில் எடுத்து உடனே சாப்பிடத் தக்கவை. சத்துமாவை வறுத்து அரைத்து வைத்திருந்தால் வெந்நீர் கிடைத்தவுடன் கஞ்சி ஆகும். சேலத்துக்காரர்களான நமக்கு ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ச்சல் கண்டவருக்கும் வயிறு சரியில்லாதவருக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி ஒத்துக்கொள்ளும், பூச்சியும் எளிதில் அண்டாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். பால்பவுடர் குடிக்கும் குழந்தை என்றால் பிரிக்காத டப்பா ஒன்று எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

இனி, எதில் வைப்பது என்பது. மலையில் தகர டப்பாவுக்குத் துருப் பிடிக்கும். மூடி தளர்ந்த பிளாஸ்டிக் டப்பாவில் அப்பளம் நமுத்துவிடும். எவர்சில்வர் டப்பாவோ, மூடியில் ரப்பர் வளையம் உள்ள உணவுக்குரிய டிரம்மோ வாங்குங்கள். வாங்கும்போதே டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி மூடி, கவிழ்த்துச் சோதித்துப் பாருங்கள். நீர் கசியாத மூடி ஈரக்காற்றையும் பெருமளவு தடுக்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டப்பாவில் போடுவதற்கு முன் பொருள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்த அரிசி, மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளேயே புழுங்கிக் கட்டிவிடும். ஒரு அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மலையில் ஐப்பசி பிறந்தபின் நாள்கணக்கில் வெயில் முகமே தெரியாது என்பதால், இந்தக் காயவைக்கும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். அரிசியில் வசம்புத் துண்டும், நிழலில் நன்கு உலர்ந்த வேப்பிலையும் போட்டு வைப்பது வண்டு வராமல் தடுக்கும். பச்சை வேப்பிலையைப் போட்டால் அதன் ஈரமே பூஞ்சைக்கு வழி செய்யும். துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைத் தாராளமாகத் தொடரலாம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.

பெரிய டிரம் ஒன்றைவிட, இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதைத் தனித்தனியாக அடைத்த சிறிய டப்பாக்கள் மேல். ஒன்றைத் திறந்து ஈரம் புகுந்தாலும் மற்றவை தப்பிக்கும். வீட்டுக்குள் வெள்ளம் வந்து போனால், வெள்ளநீர் பட்ட அரிசி, பருப்பு, மாவு எதையும் காயவைத்துப் பயன்படுத்த முயலாதீர்கள். சாக்கடை கலந்த நீர் அது. மனம் வராவிட்டாலும் கொட்டித்தான் ஆக வேண்டும்.

படி 5: எரிபொருள்

இரட்டை சிலிண்டர் இணைப்பு இருந்தால் ஒன்று தீர்ந்த அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்யுங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். விறகு எரிக்கும் வீடுகளில், சவுக்கு மரமோ காப்பிச் செடியின் கவாத்துக் குச்சியோ எதுவானாலும், பத்து நாளுக்கு வேண்டியதைக் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுங்கள். பெட்ரோலைக் கேனில் வீட்டுக்குள் வைக்கவே கூடாது.

குளிருக்காகக் கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிரைப் பறிக்கும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போன செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. குளிருக்குக் கம்பளி, குல்லா, உலர்ந்த காலுறை ஆகியவற்றை அவசரப் பொருள்களோடு சேர்த்து வையுங்கள். ஜெனரேட்டரையும் வீட்டுக்கு வெளியேதான் ஓட்ட வேண்டும்.

படி 6: மருந்து

தினசரி மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரண்டு வார மருந்து எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, இதயம் ஆகியவற்றுக்கான மருந்துகளில் ஒரு நாள் இடைவெளிகூட ஆபத்தாகலாம். மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் எழுதித் தருவார். மருந்துச்சீட்டின் நகலும் பெட்டிக்குள் இருக்கட்டும். வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அது உதவும்.

பொதுவான பொருள்களில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், போவிடோன் அயோடின், பஞ்சு, காஸ் துணி, ஒட்டுப்பட்டை, சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ், வெப்பமானி, கத்தரிக்கோல், கையுறை, சானிட்டரி நாப்கின் ஆகியவை போதும். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டிவிடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பின் அளவு கூடிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சிறு டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். அட்டையை வெட்டும்போதும் கவனம் வேண்டும்; காலாவதித் தேதி அச்சிட்ட மூலையை வெட்டிப் பயன்படுத்திவிட்டால் மீதி மாத்திரை எப்போது வரை நல்லது என்று தெரியாமல் போய்விடும். மலையில் மருந்துப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு இறுக மூடுங்கள்.

இன்சுலின் பயன்படுத்தும் வீடுகளில் மின்தடைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படாது. மின்சாரம் நின்றவுடன் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும். அதன்பின், ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சிறிய மண்கலயத்தை வைத்து, நீர் படாதபடி உறையிட்ட இன்சுலினை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வைப்பது சேலத்துக் கோடையில் நல்ல மாற்று வழி. பல வகை இன்சுலின்களைப் பிரித்தபின் 30 டிகிரிக்கு மிகாத சூட்டில் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம் என்றாலும், உங்கள் மருந்துக்கான கால அளவை உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: வெளிச்சமும் தகவலும்

எல்.இ.டி. டார்ச் ஆளுக்கொன்று வையுங்கள். பேட்டரிகளை டார்ச்சுக்குள் போட்டு மாதக்கணக்கில் விடக் கூடாது. அப்படி விட்ட டார்ச்சைத் திறந்தால் சுருள்கம்பியைச் சுற்றி வெண்மையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். பேட்டரியிலிருந்து கசிந்த அந்தக் காரம் இணைப்பை அரித்துவிடும், டார்ச் எரியாது. பேட்டரிகளைத் தனி உறையில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். தீப்பெட்டியை மூடியுள்ள உலர்ந்த பாட்டிலுக்குள் வையுங்கள். மலையில் வெளியே வைத்த தீப்பெட்டி மழைக்காலத்தில் பற்றாது. பவர் பேங்க்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி வைக்க வேண்டும். செல்பேசி கோபுரங்களுக்கும் மின்சாரம் தேவை என்பதால், பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்று இருப்பது நல்லது.

படி 8: ஆவணங்களும் பணமும்

ஆதார், குடும்ப அட்டை, பட்டா, கிரையப் பத்திரம், வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஒரே கோப்பில் வையுங்கள். நகல் ஒரு தொகுப்பை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வைக்கலாம், டிஜிலாக்கரிலும் ஏற்றிவிடலாம். சிறிய நோட்டுகளாகச் சில ஆயிரம் ரூபாய் ரொக்கம் வேண்டும். மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் ஏ.டி.எம்மும் ஜிபேயும் உதவா. 500 ரூபாய்க்குச் சில்லறை கொடுக்கக் கடைக்காரராலும் முடியாது.

படி 9: எடுத்துக்கொண்டு ஓடும் பை

சரிவுக்குக் கீழே இருக்கும் மலை வீடுகளும் ஆற்றோர, ஓடையோர நகர வீடுகளும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஆவணக் கோப்பு, மூன்று நாள் மருந்து, டார்ச், ஒரு லிட்டர் தண்ணீர், அவல், கடலைமிட்டாய், மாற்றுத் துணி, போர்வை, விசில் ஆகியவற்றைத் தோளில் மாட்டும் பையில் போட்டு வாசலருகே ஆணியில் தொங்கவிடுங்கள். தூக்குகிறவர் அதை மாட்டிக்கொண்டு சிறிது தூரம் நடந்து பார்க்கட்டும். மூச்சு வாங்கினால் எடையைக் குறையுங்கள். வீட்டருகே தரையில் புதிய விரிசல் தெரிந்தாலோ, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தாலோ, வழக்கமாகத் திறக்கும் கதவு திடீரென்று இறுகிக்கொண்டாலோ, தெளிந்து ஓடிய ஊற்று சேறாக வந்தாலோ மண் நகர்கிறது என்று பொருள். அப்போது மாட்டை அவிழ்த்துவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள்.

படி 10: ஆண்டுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்

ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்துக் கருவிகளைக் கழுவுகிற நாள்களிலேயே இந்தப் பொருள்களையும் வெளியே எடுத்துப் பார்ப்பது பொருத்தம். வடகிழக்குப் பருவமழை அதை ஒட்டித்தான் தொடங்குகிறது. இரண்டாவது முறை பங்குனியில், கோடை மழையும் சூறைக்காற்றும் வருவதற்கு முன்னால் செய்யுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் காகித ஒட்டுப்பட்டையை ஒட்டி, அடைத்த மாதத்தை மார்க்கரால் எழுதுங்கள். வெறும் பேனா மை மலை ஈரத்தில் கரைந்துவிடும். இன்னும் மூன்று மாதத்தில் காலாவதி ஆகப் போகிறவற்றை அன்றே சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் வாங்க வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் இரண்டு தாள்களை ஒட்டுங்கள். ஒன்று பொருள்களின் பட்டியல். மற்றொன்றில் பெரிய எழுத்தில் இந்த எண்கள் இருக்கட்டும்: எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாவட்ட ஆட்சியரகக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மின்தடைக்கு மின்னகம் 94987 94987. அவற்றுக்குக் கீழே பக்கத்து வீட்டார், வெளியூர் உறவினர், உங்கள் மருத்துவர், எரிவாயு முகவர், ஊரில் ஜீப் வைத்திருப்பவர் ஆகியோரின் எண்களைக் கையால் எழுதுங்கள். செல்பேசி அணைந்துவிட்டால் இவற்றில் ஒன்றுகூட நமக்கு மனப்பாடமாக இருக்காது.